கிரியேட்டினின் முதல் சிஸ்டாட்டின் சி வரை: லேப் ஜன்னலில் கேட்ட கேள்விகள்

நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். 16 வருடமாக ஒரு மாவட்டத் தலைநகரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் ரத்தம் எடுப்பேன், மாலையில் ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலில் உட்காருவேன். கவரைக் கையில் வாங்கியதும் பாதிப் பேர் அங்கேயே பிரித்து, தடித்த எழுத்தில் எந்த எண் அச்சாகியிருக்கிறது என்று தேடுவார்கள். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டதை எல்லாம் என்னிடம் கேட்பார்கள். சிறுநீரகப் பரிசோதனை பற்றித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இங்கே எழுதியிருக்கிறேன். எண்ணுக்கு என்ன பொருள் என்பதுவரைதான் என் எல்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை.

"ரத்தத்துல உப்பு கூடிருக்குனு சொன்னாங்க. சாப்பாட்டுல உப்பைக் குறைச்சா இறங்கிடுமா?"

ஜன்னலில் அதிகம் கேட்டது இதைத்தான். நம் ஊரில் யூரியா, கிரியேட்டினின் இரண்டையும் 'உப்பு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். டாக்டர்களும் நோயாளிக்குப் புரியட்டும் என்று அப்படியே சொல்லிவிடுகிறார்கள். சமையல் உப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சமையல் உப்பு சோடியம் குளோரைடு. கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. ரசத்தில் உப்பில்லாமல் சாப்பிட்டால் கிரியேட்டினின் இறங்காது.

அதற்காக உப்பை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்று இல்லை. சாப்பாட்டு உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும், அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குறைக்கச் சொன்னால் அந்தக் காரணத்துக்காகக் குறையுங்கள்.

"கிரியேட்டினின்னா விஷமா? அது உடம்புக்குள்ள எப்படி வருது?"

விஷம் இல்லை. தசைகள் வேலை செய்ய கிரியேட்டின் என்ற பொருளைச் சேமித்து வைத்திருக்கின்றன. அதில் ஒரு சிறு பங்கு தினமும் தானாகச் சிதைந்து கிரியேட்டினின் ஆகிறது. தசை எவ்வளவோ அதற்கேற்ற அளவில், நாளுக்கு நாள் பெரிய மாற்றம் இல்லாமல் ரத்தத்துக்கு வருகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே அனுப்புகிறது.

வரத்து ஏறக்குறைய நிலையாக இருப்பதால், ரத்தத்தில் அது தேங்கினால் வடிகட்டி மந்தமாகிவிட்டது என்று ஊகிக்கிறோம். கிரியேட்டினின் தானாக சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. வாய்க்கால் அடைத்தால் வீட்டு முன்னால் தண்ணீர் தேங்குகிற மாதிரிதான் இது. தேங்கிய தண்ணீரை வாளியால் மொண்டு ஊற்றினால் அடைப்பு நீங்கிவிடாது.

"எனக்கு 1.1 தான். நார்மல்னு அச்சடிச்சிருக்கு. அப்புறம் ஏன் டாக்டர் கிட்னி கொஞ்சம் டல்லா இருக்குங்கிறார்?"

ஒரு தம்பதி வந்திருந்தார்கள். இருவருக்கும் 62 வயது. கணவருக்கு கிரியேட்டினின் 1.4, தடித்த எழுத்தில் இருந்தது. மனைவிக்கு 1.1, சாதாரண எழுத்தில் இருந்தது. "என்னைவிட இவ கிட்னி நல்லாருக்கு" என்று அவர் பேச்சுக்குச் சொன்னார். இன்று பெரும்பாலான லேப்கள் பயன்படுத்தும் 2021-ஆம் ஆண்டு சூத்திரத்தில் போட்டால் இருவருக்குமே ஈ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் கணிப்பு, 57 வருகிறது. பெண்களுக்குப் பொதுவாகத் தசை குறைவு, அதனால் கிரியேட்டினின் வரத்தும் குறைவு. அவர்களுக்கு 1.1 என்பது ஆணின் 1.4-க்குச் சமம். அதே 1.4, 26 வயது இளைஞனுக்கு வந்திருந்தால் சூத்திரம் 71 என்று சொல்லும். ஆகவே 'நார்மல்' எல்லைக்குள் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக் கவரை மூடிவிடாதீர்கள். வயதும் பாலினமும் சேர்த்துக் கணக்கிட்ட எண் ரிப்போர்ட்டில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். சூத்திரம்தான், அதற்குத் தனியாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு சங்கதி. வடிகட்டும் திறன் பாதியானால் கிரியேட்டினின் இரண்டு மடங்காகும். 0.7 இருந்தவருக்கு 1.4 ஆனால் அவர் ஏற்கெனவே பாதியை இழந்துவிட்டார், ஆனால் எண்ணைப் பார்த்தால் சின்னதாகத்தான் இருக்கும். மாறாக 6-லிருந்து 7 ஏறினால் வீடே பதறுகிறது, உண்மையில் அங்கே இழந்தது மிஞ்சியிருந்ததில் ஒரு சிறு பகுதி. பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதற்காகத்தான். உங்களுக்கு 10 வருடம் முன்பு என்ன இருந்தது என்பதைவிட நல்ல ஒப்பீடு எந்த லேபிலும் கிடையாது.

"ஈ.ஜி.எஃப்.ஆர். 57-னா, கிட்னி 57 சதவீதம் வேலை செய்யுதுனு அர்த்தமா?"

அப்படிச் சொல்வது வசதி, ஆனால் அது சதவீதம் இல்லை. நிமிடத்துக்கு 57 மில்லி ரத்தநீரை வடிகட்டுகிறது என்று பொருள். அதையும் 1.73 சதுர மீட்டர் உடற்பரப்புக்குச் சமப்படுத்திச் சொல்கிறார்கள். ஆரோக்கியமான இளவயதுக்காரருக்கு 100-ஐ ஒட்டி இருப்பதால் சதவீதம் மாதிரி தோன்றுகிறது, அவ்வளவுதான்.

குடத்தில் கணக்குப் போடலாம். நிமிடத்துக்கு 100 மில்லி என்றால் ஒரு நாளைக்கு 144 லிட்டர், அதாவது 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் ஒன்பதரைக் குடம். 57 என்றால் ஐந்தரைக் குடம். இதில் பெரும்பங்கு உள்ளேயே திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும், நாம் கழிப்பது ஒன்றிரண்டு லிட்டர்தான். அதனால்தான் "எனக்கு யூரின் நல்லாப் போகுதே" என்பது சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

"சிங்கப்பூர்ல இருக்கிற தம்பிக்கு கிரியேட்டினின் 97-னு வந்திருக்கு. வீட்ல எல்லாரும் அழுதுட்டிருக்காங்க."

அழ வேண்டாம். அங்கே அலகு வேறு, மைக்ரோமோல் கணக்கு. 88.4-ஆல் வகுத்தால் நம் ஊர்க் கணக்கு வரும். 97 என்பது 1.1.

இங்கேயே இதே குழப்பம் யூரியாவில் நடக்கிறது. ஒரு லேப் யூரியாவாகக் கொடுக்கும், இன்னொன்று யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும் கொடுக்கும். இரண்டாவதை 2.14-ஆல் பெருக்கினால் முதலாவது. ஒன்றில் 20, மற்றொன்றில் 43 என்று இருந்தால் இரண்டும் ஒன்றேதான். எண்ணைப் படிக்கும் முன் பக்கத்தில் இருக்கும் அலகைப் படியுங்கள்.

"ஒரே ஒரு டெஸ்ட்டை வெச்சு கிட்னி நோய்னு முத்திரை குத்திடலாமா?"

கூடாது. நாட்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்ல, கோளாறு 3 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். சிறுநீரக நோய்க்கான உலக வழிகாட்டுதல்களை வெளியிடும் கேடிகோ அமைப்பு அப்படித்தான் வரையறுத்திருக்கிறது. ஈ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஒழுகுவது, ஸ்கேனில் கட்டிகள் போன்ற சேதத்தின் அடையாளம் ஏதாவது இருக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல், வலி மாத்திரைகள், சிறுநீர் அடைப்பு எல்லாம் சில நாட்களுக்கு கிரியேட்டினினை ஏற்றிவிடும். காரணம் சரியானதும் பலருக்கு இறங்கிவிடும். திரும்ப எடுக்கச் சொன்னால் லேபுக்கு வருமானம் என்று நினைக்காதீர்கள். அந்த இரண்டாவது எண்தான் நோயின் பெயரையே முடிவு செய்கிறது. ஆனால் முதல் எண்ணே மிக அதிகமாக இருந்தால் 3 மாதம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

"அதான் ரத்தம் குடுத்துட்டேனே. எதுக்கு யூரின் வேற கேக்குறீங்க?"

கையை நீட்டி ஊசி போட்டுக்கொள்ளத் தயங்காதவர்கள் இந்தச் சின்ன டப்பாவுக்குத்தான் தயங்குகிறார்கள். ஒரு அம்மா அதைச் செய்தித்தாளில் சுற்றி, அதற்கு மேல் மஞ்சப்பையில் வைத்து, யாரும் பார்க்காதபோது மேசையில் வைத்துவிட்டுப் போனார். இன்னும் பலர் 'அப்புறம் கொடுக்கிறேன்' என்று போய்விடுவார்கள். திரும்ப வருவதில்லை.

ரத்தப் பரிசோதனை சொல்வது எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை. சல்லடை கிழிந்திருக்கிறதா என்பது சிறுநீரில்தான் தெரியும். சர்க்கரை நோயில் பெரும்பாலும் கிழிசல்தான் முதலில் வரும், வேகம் குறைவது பல வருடம் கழித்து. ஈ.ஜி.எஃப்.ஆர். 95 இருக்கும் ஒருவருக்குச் சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் 400 இருக்கலாம். இன்னொருவருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். 57, விகிதம் வெறும் 10. ரத்த ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் இரண்டாமவர்தான் நோயாளி. கேடிகோ அட்டவணையில் ஆபத்து அதிகம் என்று குறிக்கப்படுவது முதலாமவருக்கு.

இந்த விகிதம் 30-க்குக் கீழ் இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் போகும் சிறுநீர் நல்லது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி இருந்தால் பொய்யாக ஏறும், தள்ளிப் போடுங்கள். குச்சியை முக்கி நிறம் பார்க்கும் பரிசோதனை மலிவு, ஆனால் ஆரம்பக்கட்டக் கசிவை அது தவறவிடும்.

"போன வாரம் ஒரு லேப்ல 1.3, இந்த வாரம் உங்ககிட்ட 1.5. யார் லேப் தப்பு?"

ரெண்டு பேருமே சரியாக இருக்கலாம். பல லேப்களில் இன்றும் நடப்பது, மாக்ஸ் யாஃபே 1886-இல் கண்டறிந்த வினை. மஞ்சள் நிற பிக்ரிக் அமிலத்தைக் காரத்தோடு சேர்த்து அதில் ரத்தநீரை விட்டால், கிரியேட்டினின் இருக்கும் அளவுக்கு ஆரஞ்சு நிறம் ஏறும். அந்த நிறத்தை இயந்திரம் அளக்கும். சிக்கல் என்னவென்றால், நிறம் மாற்றும் வேலையை வேறு சிலதும் செய்யும். சர்க்கரை எகிறி கீட்டோன் சேர்ந்தவருக்குப் பொய்யாகக் கூடும், மஞ்சள் காமாலைக்காரருக்குப் பொய்யாகக் குறையும். என்சைம் முறை இதைவிடத் துல்லியம், செலவு கொஞ்சம் அதிகம். இரண்டு லேப்கள் இரண்டு முறை வைத்திருந்தால் சிறு வித்தியாசம் வரத்தான் செய்யும்.

அப்புறம் முந்தைய இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்பதும் உண்டு. இறைச்சியை வேகவைக்கும்போது அதிலுள்ள கிரியேட்டின் கிரியேட்டினினாக மாறுகிறது. ஆடி மாதம் குலதெய்வம் கோயில் கெடா விருந்துக்கு மறுநாள் காலையில் வரிசையாக வருபவர்களைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருபவர்கள் இன்னொரு ரகம். கிரியேட்டினினுக்கு வெறும் வயிறே தேவையில்லை, சர்க்கரைக்காகச் சொல்வதுதான். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். ஒரே லேப், ஒரே நேரம், முந்தைய நாள் கறி இல்லை என்று வைத்துக்கொண்டால் எண்களை ஒப்பிடலாம். ஈ.ஜி.எஃப்.ஆர். 20 சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் அது வழக்கமான ஏற்ற இறக்கத்தைத் தாண்டியது என்று கேடிகோ சொல்கிறது.

"கிரியேட்டினின் நார்மல், யூரியா மட்டும் கூடிருக்கு. பயப்படணுமா?"

பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை என்று பொருள். புரதம் மிகுந்த சாப்பாடு, ஸ்டீராய்டு மாத்திரை இவையும் ஏற்றும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் குடலில் ரத்தக் கசிவு இருக்கலாம், அப்போதும் யூரியா தனியாக ஏறும். அது அவசரம்.

"எனக்கு 5 மாசம். கிரியேட்டினின் 0.9 தான், நல்லதுதானே?"

கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட சுமார் ஒன்றரை மடங்கு வடிகட்டும். அதனால் கிரியேட்டினின் 0.4 முதல் 0.8-க்குள் இறங்கியிருக்க வேண்டும். இந்த நேரத்தில் 0.9 என்பது கேள்வி கேட்க வேண்டிய எண். ஈ.ஜி.எஃப்.ஆர். சூத்திரம் கர்ப்பிணிகளுக்குப் பொருந்தாது. மகப்பேறு டாக்டரிடம் இந்த ரிப்போர்ட்டைக் காட்டாமல் விடாதீர்கள்.

"பையன் ஜிம்முக்குப் போறான், 1.4 வந்துருக்கு. பாட்டிக்கு 0.8. பாட்டி கிட்னி பையனைவிட நல்லாருக்கா?"

இந்த ஒரு வீட்டை வைத்தே கிரியேட்டினினின் மொத்தப் பலவீனத்தையும் சொல்லிவிடலாம். பையனுக்கு 26 வயது, தோள் கதவு அகலம், டப்பா டப்பாவாக கிரியேட்டின் பவுடர். தசை அதிகம், அதற்கு மேல் பவுடர், வரத்து கூடுகிறது. வடிகட்டி நன்றாகவே இருக்கலாம். பாட்டிக்கு 80 வயது, எடை 38 கிலோ. ரத்தம் எடுக்கப் பட்டையைக் கட்டினால் கையில் தசையே தட்டுப்படவில்லை. சூத்திரம் பாட்டிக்கு 74 என்று கொடுக்கிறது. அது அவர் வயதுப் பெண்களின் சராசரித் தசையை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. உண்மை அதைவிட நிறையக் குறைவாக இருக்கலாம்.

இது நம் எல்லாருக்கும் ஓரளவு பொருந்தும். சூத்திரங்கள் பெரும்பாலும் மேல்நாட்டு உடல்களை வைத்துப் போடப்பட்டவை. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார், வடிகட்டும் வேகத்தை நேரடியாக அளந்து ஒப்பிட்டபோது, கிரியேட்டினின் சூத்திரங்கள் இந்தியர்களுக்கு உண்மையைவிடக் கூட்டிச் சொல்கின்றன என்று 2018-இல் எழுதினார்கள். பாட்டி மாதிரி ஆட்கள், கை கால் இழந்தவர்கள், நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர்கள், கல்லீரல் நோயாளிகள் இவர்களுக்கெல்லாம் அடுத்த கேள்வி முக்கியம்.

"சிஸ்டாட்டின் சி-னு எழுதிக் குடுத்திருக்கார். கிரியேட்டினினைவிட விலை பல மடங்கு. தேவையா?"

சிலருக்குத் தேவை, எல்லாருக்கும் இல்லை. சிஸ்டாட்டின் சி ஒரு சின்னப் புரதம். உட்கரு உள்ள செல்கள் அத்தனையும் ஒரே சீராக அதை உற்பத்தி செய்கின்றன. தசையைச் சார்ந்து இல்லை, கெடா விருந்து அதைத் தொடாது. சிறுநீரகம் அதை வடிகட்டி, தனக்குள் இருக்கும் நுண்குழாயிலேயே சிதைத்துவிடும். ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் ஆண்டர்ஸ் க்ரப் குழுவினர் 1980-களிலேயே இது வடிகட்டும் வேகத்துக்கு நல்ல அளவுகோல் என்று காட்டிவிட்டார்கள். விலையும், லேபுக்கு லேப் அளவீடு ஒத்துப்போகாததும் பல வருடம் அதை ஓரமாக வைத்திருந்தன. கேடிகோவின் 2024 வழிகாட்டுதல், வசதி உள்ள இடத்தில், முடிவு முக்கியமாக இருக்கும்போது இரண்டையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறது.

எங்களிடம் இது எழுதி வருவது பெரும்பாலும் மூன்று சூழலில். மேலே சொன்ன பாட்டி ரகம். ஈ.ஜி.எஃப்.ஆர். 45 முதல் 59-க்குள் இருந்து, சிறுநீரில் அல்புமின் இல்லாமல், 'நோயா இல்லையா' என்று தொங்கலில் நிற்பவர்கள். சிறுநீரகத் தானம் கொடுக்க வருபவர்கள், அல்லது சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து தொடங்கப்போகிறவர்கள். இந்த மூன்றிலும் நீங்கள் இல்லையென்றால், அந்தக் காசில் சிறுநீர் அல்புமின் பாருங்கள் என்பேன். இது என் சொந்தக் கருத்து.

"ரெண்டும் ரெண்டு மாதிரி வந்திருக்கு. கிரியேட்டினின் கணக்குல 74, சிஸ்டாட்டின் கணக்குல 48. எதை நம்புறது?"

முதலில் சிஸ்டாட்டினை ஏற்றிவிடும் காரணங்கள் உண்டா என்று பார்ப்பார்கள். ஸ்டீராய்டு மாத்திரை, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, உடல் பருமன், புகைப்பழக்கம், உடலில் அழற்சி இவை எல்லாம் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அதைக் கூட்டிக் காட்டும். தைராய்டு குறைவாக இருந்தால் குறைத்துக் காட்டும். தைராய்டைச் சரிசெய்யாமல் சிஸ்டாட்டின் பார்ப்பது வீண் செலவு.

அப்படி எதுவும் இல்லையென்றால், மெலிந்த உடம்புக்காரர்களில் சிஸ்டாட்டின் சொல்வதே உண்மைக்குப் பக்கம். பொதுவாக இரண்டையும் சேர்த்த சூத்திரம், தனித்தனிக் கணக்கைவிட நன்றாகப் பொருந்துகிறது. அதிலும் சந்தேகம் தீராவிட்டால் டி.டி.பி.ஏ. ஸ்கேன் அல்லது ஐயோஹெக்ஸால் மருந்தைச் செலுத்தி அது ரத்தத்திலிருந்து மறையும் வேகத்தைப் பார்ப்பது போன்ற நேரடி அளவீடுகள் இருக்கின்றன. அவை பெரிய ஆஸ்பத்திரி வேலை.

"புது பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சதும் 1.5, 1.8 ஆயிடுச்சு. நிறுத்திட்டேன். சரிதானே?"

அவசரப்பட்டுவிட்டீர்கள். டெல்மிசார்டன், ராமிப்ரில் வகை மாத்திரைகள் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கின்றன. அதுதான் அவற்றின் நோக்கம். அழுத்தம் குறைந்தால் வடிகட்டும் வேகம் முதலில் சற்றுக் குறைந்து, கிரியேட்டினின் ஏறும். 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள், பொட்டாசியத்தை மட்டும் கவனிப்பார்கள். உங்களுக்கு ஏறியது 20 சதவீதம். சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் கொடுக்கும் டாபாக்ளிஃப்ளோசினும் இதே மாதிரி முதலில் வடிகட்டும் வேகத்தை இறக்கிவிட்டு, பிறகு சிறுநீரகத்தைக் காப்பாற்றும். எதற்கும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

கோ-டிரைமாக்சசோல் ஆன்டிபயாடிக் இன்னொரு வேடிக்கை. அது கிரியேட்டினின் நுண்குழாய் வழியாக வெளியேறும் சிறு பாதையை அடைக்கிறது. வடிகட்டிக்கு ஒன்றும் ஆகாமலே எண் ஏறும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளால் ஏறினால், அது நிஜமான சேதமாக இருக்கலாம். எண் ஒன்றுதான், காரணம் மூன்று. ரத்தம் எடுக்கும்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பது இதற்குத்தான்.

"ஊசி குத்தி பயாப்சி எடுக்காம, ரத்தத்துலயே எந்த கிட்னி நோய்னு கண்டுபிடிக்க முடியாதா?"

ஒரு நோயில் முடிகிறது. மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்று ஒன்று: கால் வீங்கும், சிறுநீர் நுரைக்கும், புரதம் அள்ளிக்கொண்டு போகும். உடலே தன் சிறுநீரகத்தின் ஒரு புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி தயாரிப்பதுதான் பெரும்பாலும் காரணம் என்று 2009-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் புரதத்தின் பெயர் பி.எல்.ஏ.2.ஆர். இந்த நோய் தானாக வந்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி இருக்கிறது. அறிகுறிகளும் பொருந்தி, ஆன்டிபாடியும் இருந்தால் பயாப்சி கட்டாயம் இல்லை என்று 2021-இல் கேடிகோ ஒப்புக்கொண்டது. மருந்து வேலை செய்கிறதா என்பதையும் இதில் பார்க்கலாம். புரதக் கசிவு நிற்பதற்குப் பல மாதம் முன்னாலேயே ஆன்டிபாடி இறங்கத் தொடங்கிவிடும்.

நான் பார்த்தவரையில் சிறுநீரகத்துக்கு ரத்தத்தில் கிடைத்த மூலக்கூறு அடையாளங்களில் சொன்ன வேலையைச் செய்வது இதுதான். ஆன்டிபாடி இல்லையென்று வந்தால் நோய் இல்லை என்று ஆகிவிடாது, அப்போது பயாப்சிதான். மற்ற பல சிறுநீரக நோய்களுக்கும் ஊசிக்கு மாற்று இன்னும் வரவில்லை.

"என்கேல், கிம்-1, மைக்ரோ ஆர்.என்.ஏ.னு புதுசா வந்திருக்காமே. உங்க லேப்ல எடுப்பீங்களா?"

இல்லை. இவை வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். என்கேல் பெரும்பாலும் திடீர்ப் பாதிப்புக்கானது, இதய அறுவைக்குப் பிறகு ஐ.சி.யு.வில் பார்க்கும் வகை. கிம்-1 நுண்குழாய் அடிபட்டால் கசிவது. டி.என்.எஃப். ஏற்பிகள் 1, 2 என்று இரண்டு, அழற்சியைக் காட்டுபவை. சர்க்கரை நோயாளிகளில் யாருக்கு வேகமாகக் கெடும் என்பதை அவை முன்கூட்டியே காட்டுகின்றன. கிம்-1-ஐயும் இந்த இரண்டையும் மருத்துவ விவரங்களோடு சேர்த்து மதிப்பெண் போடும் கிட்னி இன்டெல்எக்ஸ் என்ற பரிசோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் அனுமதி கொடுத்தது. கவனியுங்கள், அது நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இல்லை. டைப் 2 சர்க்கரையோடு ஆரம்பக்கட்டச் சிறுநீரக நோய் ஏற்கெனவே இருப்பவர்களில் யாருக்கு வேகமாக முற்றும் என்று கணிக்க.

மைக்ரோ ஆர்.என்.ஏ. இன்னும் ஆய்வகத்தை விட்டு வெளியே வரவில்லை. ஆய்வுக்கு ஆய்வு வேறு வேறு பட்டியல் வருகிறது. எஸ்.டி.எம்.ஏ. என்று ஒரு மூலக்கூறு இருக்கிறது, அது மனிதர்களைவிட முன்னால் நாய்களுக்கும் பூனைகளுக்கும் வழக்கமான பரிசோதனையாகிவிட்டது. கால்நடை மருத்துவர் ஒருவர் சொல்லி எனக்குத் தெரிந்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

"ஜீன் டெஸ்ட் எடுத்தா முன்னாடியே தெரிஞ்சிடுமாமே?"

பரம்பரை நோய் இருந்தால் பயன் உண்டு. சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டி வரும் பாலிசிஸ்டிக் நோயில் பி.கே.டி.1, பி.கே.டி.2 மரபணுக்கள் கெட்டிருக்கும். அங்கேயும் முதல் பரிசோதனை மலிவான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுக்க 24 வயதுத் தம்பி முன்வந்தால், ஸ்கேனில் கட்டி இன்னும் தெரியாத வயது என்பதால், அப்போது மரபணுவைப் பார்ப்பார்கள்.

இணையத்தில் அடிக்கடி அடிபடும் ஆப்போ எல்1 மரபணு மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கானது. நம் ஊர் பேக்கேஜில் அதைச் சேர்த்திருந்தால் அந்தப் பேக்கேஜை விட்டுவிடலாம்.

"சுகர் இல்ல, பிரஷர் இல்ல, யூரின்ல புரதமும் இல்ல. வயல் வேலைதான். ஆனா கிரியேட்டினின் 2.1. எப்படி?"

இவருக்கு நான் மேலே சொன்ன 'சிறுநீர் முதலில் காட்டும்' பேச்சு பொருந்தாது. இலங்கையின் வட மத்திய மாகாணத்தில், அநுராதபுரம், பொலன்னறுவை பக்கம், நெல் விவசாயிகளிடம் 1990-களில் இப்படி ஒரு நோய் கவனத்துக்கு வந்தது. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும், எல் சால்வடோர், நிகராகுவா கரும்புத் தோட்டங்களிலும் இதே கதை. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்றே அதற்குப் பெயர். வெயிலும் தண்ணீரில்லாத உழைப்பும், பூச்சிமருந்து, குடிநீர் என்று சந்தேகப் பட்டியல் நீளுகிறது, தீர்ப்பு இன்னும் வரவில்லை.

இதில் கெடுவது சல்லடை இல்லை, நுண்குழாயும் அதைச் சுற்றிய திசுவும். அதனால் அல்புமின் ஒழுகுவது குறைவு, குச்சிப் பரிசோதனை சுத்தமாக இருக்கும். கிரியேட்டினின்தான் காட்டிக்கொடுக்கும், அதுவும் தாமதமாக. அறுவடை முடிந்த கையோடு வந்தால் வெயிலில் வற்றியதாலும் ஏறியிருக்கும். ஒரு வாரம் ஓய்வெடுத்து, தண்ணீர் குடித்து, மறுபடி கொடுங்கள். அப்போதும் 2.1 என்றால் சிறுநீரக டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"5 தாண்டிட்டா டயாலிசிஸ்தானே?"

எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், டயாலிசிஸை முன்கூட்டியே தொடங்கியவர்களும், அறிகுறி வரும்வரை காத்திருந்து தொடங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காலம்தான் வாழ்ந்தார்கள். வாந்தி, மூச்சுத் திணறல், மருந்துக்கு அடங்காத பொட்டாசியம், நுரையீரலில் நீர், இவைதான் தீர்மானிக்கும். மெலிந்த பாட்டிக்கு 4-லேயே தேவைப்படலாம், தடித்த உடம்புக்காரர் 7-லும் நடமாடுவார்.

"மூலிகைக் கஷாயம் குடிச்சேன், 4.1 இருந்தது 3.4 ஆயிடுச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க?"

போன வருடம் ஒருவர் இப்படித்தான் இரண்டு ரிப்போர்ட்டையும் ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணே, பெல்ட்டைப் பாத்தீங்களா" என்று நான்தான் கேட்டேன். கடையில் போட்ட ஓட்டைகள் போதாமல், ஆணியால் தானாக இரண்டு ஓட்டை குத்தியிருந்தார். 4 மாதத்தில் 11 கிலோ போயிருந்தது. கறி, முட்டை, பருப்பு எல்லாம் நிறுத்தச் சொல்லியிருந்தார்களாம்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது என்று இரண்டாவது பதிலில் சொன்னேன். தசை கரைந்தால் அதுவும் இறங்கும், சிறுநீரகம் தேறாமலேயே. கஷாயம் எல்லாமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாதரசம் கலந்த சில நாட்டு மருந்துகள் சாப்பிட்டவர்களிடம் மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதியின் ஒரு வகை வருவதைத் தென்னிந்திய மருத்துவர்கள் 2022-இல் எழுதியிருக்கிறார்கள். அதில் பி.எல்.ஏ.2.ஆர். ஆன்டிபாடி பொதுவாக இருக்காது, ரத்தத்தில் தேடினால் பிடிபடாது.

அந்த அண்ணனை அவருடைய டாக்டர் சிஸ்டாட்டின் சி-க்கு அனுப்பினார். ரத்தம் எடுக்கப் பட்டையைக் கட்டியபோது வழக்கமான பட்டை பொருந்தவில்லை, குழந்தைகளுக்கு வைத்திருக்கும் சின்னப் பட்டையை எடுத்தேன். மறுநாள் வந்த கணக்கு, 4.1 இருந்த நாளில் சூத்திரம் சொன்னதைவிடக் குறைவாக இருந்தது.